ஓடுபாதையில் உருளும் விமானத்தைச் சுடலாமா?

ஒரு கேள்வி. எதிரியின் விமானம் இன்னும் நிலத்தை விட்டு எழவில்லை. ஓடுபாதையில் அதன் சக்கரங்கள் உருண்டுகொண்டிருக்கின்றன. மேலே யார் காத்திருக்கிறார்கள் என்பது அந்த விமானிக்குத் தெரியாது. தெரிந்தாலும் இந்த வேகத்தில் அவரால் திரும்பவோ விலகவோ முடியாது. நீங்கள் உயரத்தில் இருக்கிறீர்கள். விசையில் விரல் இருக்கிறது. சுடுவீர்களா?

"இதென்ன மௌலவி, நாங்கள் என்ன விமானப் படையிலா இருக்கிறோம்?" என்று நீங்கள் சிரிக்கலாம். உங்கள் வீட்டில் பதினாறு, பதினேழு வயதில் ஒரு மகன் இருந்து, இஷாவுக்குப் பிறகு அவன் கணினியின் முன்னோ கைத்தொலைபேசியுடனோ உட்காருகிறவனாகவும் இருந்தால், இந்தக் கேள்விக்கு அவன் ஏற்கனவே பல தடவை விடை சொல்லியிருப்பான், வாயால் அல்லாமல் விரலால். எங்கள் நாவிதன்வெளிப் பக்கத்தில் இந்தக் கேள்வியினால் பேச்சு நின்றுபோன இரண்டு மாணவர்களை நான் அறிவேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இணையத்தின் வழியாக ஆடப்படும் விமானச் சண்டை விளையாட்டுக்கள் நேற்று முளைத்தவையல்ல. அமெரிக்காவில் கெஸ்மாய் என்ற நிறுவனம் 'எயார் வோரியர்' என்ற விளையாட்டை 1988 இல் தொலைபேசிக் கம்பி வழியாகவே நடத்தியது. அதன் பின் 'வோர்பேர்ட்ஸ்', 'ஏசஸ் ஹை' என்று வந்தன. 2001 இல் மொஸ்கோவிலிருந்து 'ஐஎல்-2 ஸ்டுர்மோவிக்' வந்தது. 2012 இன் இறுதியில் பொதுவில் திறக்கப்பட்ட 'வோர் தண்டர்' இன்று கைத்தொலைபேசிக்குள்ளும் வந்துவிட்டது. இவற்றைச் சிமியுலேட்டர் என்கிறார்கள். அசல் விமானம் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடந்துகொள்ளச் செய்வது என்று பொருள். எரிபொருள் தீரும். அளவுக்கு மீறிய வேகத்தில் கீழே பாய்ந்தால் இறக்கை கழன்றுவிடும். இறுக்கமாக வளைந்தால் விமானியின் தலையிலிருந்து இரத்தம் இறங்கிவிட்டது என்று திரை கறுத்துப் போகும். எதிரே வருவது இயந்திரமல்ல. உலகத்தின் எங்கோ ஒரு மூலையில், அல்லது அடுத்த கிராமத்தில், இதேபோல் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன்.

மனிதன் எதிரே இருக்கிறான் என்பதனால்தான் "இது நியாயமா?" என்ற சண்டை வருகிறது. இயந்திரத்தோடு யாரும் நியாயம் பேசுவதில்லை.

இந்த விளையாட்டுக்கள் ஆகுமா, ஆகாதா என்பது இக்கட்டுரையின் விடயமல்ல. தொழுகையையும் பாடத்தையும் தூக்கத்தையும் தின்னும் எந்தப் பொழுதுபோக்குக்கும் விடை நீங்கள் அறிந்ததே. இன்னொன்றையும் சொல்லி விடுகிறேன். எங்கள் பிரதேசத்தில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஆகாயத்திலிருந்து வரும் இரைச்சல் விளையாட்டாகத் தோன்றாது. யுத்த காலத்தில் எந்தச் சத்தம் ஹெலிகொப்டர், எந்தச் சத்தம் குண்டு விமானம் என்று குழந்தைகள்கூடப் பிரித்தறிந்த ஊர்கள் இவை. மகனின் கணினியிலிருந்து அந்த இரைச்சல் வந்தால் "சத்தத்தைக் குறை" என்று சொல்லும் ஒரு தாயை நான் அறிவேன். ஏன் என்று மகனும் கேட்டதில்லை, தாயும் சொன்னதில்லை.

பிணந்தின்னிக் கழுகும் உயரமும்

ஓடுபாதையில் எழும்பிக்கொண்டிருக்கும் விமானத்தை மேலிருந்து பாய்ந்து அடிப்பதற்கு இந்த விளையாட்டுக்காரர்கள் மத்தியில் 'வல்சிங்' என்று பெயர். பிணந்தின்னிக் கழுகைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து அதைத் திரித்து எடுத்திருக்கிறார்கள். பெயரிலேயே ஒரு வசை இருக்கிறது. இதைச் செய்கிறவனை "கோழை" என்பார்கள். செய்தவனோ, "எழும்பிய பிறகு நீ என்னை அடிக்க மாட்டாயா? உன் தளத்துக்கு மேலே நான் வரும் வரை நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்று திருப்பிக் கேட்பான். இரண்டு பேச்சிலும் விடயம் இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

'ஏசஸ் ஹை' போன்ற விளையாட்டில் எதிரியின் விமானத் தளத்தைக் கைப்பற்றுவதே நோக்கம். அங்கிருந்து விமானங்கள் எழும்பிக்கொண்டே இருந்தால் தளத்தைப் பிடிக்க முடியாது. ஆகவே ஓடுபாதையை அடக்கி வைப்பது அந்த விளையாட்டின் வேலையே. இன்னொரு கூடத்தில் இரண்டு பேர் தனித்துத் திறமை பார்க்க வந்திருப்பார்கள். அங்கே இதைச் செய்தால் ஆட்டமே நடக்காது. செயல் ஒன்றுதான், வந்த நோக்கம் வேறு.

மெய்யான போரில் இது எப்படி இருந்தது என்று பார்க்க நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 1942 ஏப்ரல் 5, கிறிஸ்தவர்களின் உயிர்த்த ஞாயிறு. அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து ஏறத்தாழ 125 ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்க வந்தன. அவர்கள் வருகிறார்கள் என்பது முதல் நாளே தெரிந்திருந்தது. கொக்கலையிலிருந்து புறப்பட்ட கட்டலினா கடல் விமானம் ஒன்று, கனடாவைச் சேர்ந்த லெனார்ட் பர்ச்சலின் தலைமையில், தெற்கே நெடுந்தூரத்தில் அந்தக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பிவிட்டிருந்தது. ஆனாலும் அன்று காலை எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. இரத்மலானைத் தளத்திலிருந்த 30 ஆம் படைப்பிரிவின் விமானிகள் தலைக்கு மேலே எதிரியைக் கண்ட பிறகுதான் ஹரிக்கேன் விமானங்களை நோக்கி ஓடினார்கள். எழும்பிக்கொண்டிருந்தபோதே, வேகமும் உயரமும் இல்லாத நேரத்தில், அவர்கள் மீது ஜப்பானியச் 'சீரோ' விமானங்கள் பாய்ந்தன.

அதே வேளையில் திருகோணமலைச் சீனன்குடாவிலிருந்து ஆறு 'சுவோர்ட்ஃபிஷ்' விமானங்கள் டோர்பிடோக்களைச் சுமந்துகொண்டு இரத்மலானைக்கு வந்துகொண்டிருந்தன. இரட்டைத் தட்டுச் சிறகும் துணி போர்த்திய உடலுமான பழைய ரகம். மணிக்கு 220 கிலோமீற்றர் அளவில்தான் போகும். சீரோவோ 500 ஐத் தாண்டும். ஆறும் வீழ்த்தப்பட்டன. அன்று பிரித்தானியர் இழந்தது இருபதுக்கும் கூடுதலான விமானங்கள். ஜப்பானியர் இழந்தது ஏழு.

இதில் ஜப்பானியர் செய்த குற்றம் என்ன? போரின் சட்டப்படி ஒன்றுமில்லை. தரையில் நிற்கும் போர் விமானமும் போர் விமானமே. இவ்வாறிருக்க, எதிர்த்தரப்பையும் பாருங்கள். கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் பிரித்தானியர் இரகசியமாக ஓர் ஓடுபாதை அமைத்து, அங்கே இன்னொரு ஹரிக்கேன் பிரிவை வைத்திருந்தார்கள். ஜப்பானியருக்கு அது தெரியாது. ஆகவே அங்கிருந்தவர்களால் தடங்கலின்றி எழும்ப முடிந்தது. திடலை விளையாட்டுத் திடல் போலக் காட்டியது ஏமாற்றா? யாரும் அப்படிச் சொல்லவில்லை. எதிரியின் அறியாமையைப் பயன்படுத்துவது இரு தரப்புக்கும் பொதுவாக இருந்தது. இன்று அந்த இடத்தில் கடைத்தொகுதி இருக்கிறது. கொழும்புக்குப் போகும் நம்மவர்கள் தேநீர் குடிக்கிறார்கள்.

அடுத்த பிணக்கு உயரத்தைப் பற்றியது. மேலே காத்திருந்து, வேகமாகப் பாய்ந்து, ஒரு தடவை சுட்டு, அதே வேகத்தில் மறுபடி மேலே போய்விடுவது. இதை 'பூம் அண்ட் சூம்' என்கிறார்கள். கீழே இருப்பவனுக்கு ஆத்திரம் வரும். "நின்று சண்டை பிடி! வளைந்து வா!" என்று எழுதுவான். தன் விமானம் நன்றாக வளையக்கூடியது, எதிரியுடையது வளையாது என்பதனால்தான் அவன் வளையச் சொல்கிறான் என்பதை அவன் கவனிப்பதில்லை!

ஹரிக்கேன் ஐரோப்பாவில் ஜெர்மன் விமானத்தை விட இறுக்கமாக வளையக்கூடியது என்று பெயர் வாங்கியது. அந்தப் பழக்கத்தோடு இலங்கை வானில் சீரோவுடன் வளையப் போனவர்கள் சீரோ அதைவிட இறுக்கமாக வளைவதைக் கண்டார்கள். அதே காலத்தில் பர்மாவிலும் சீனாவிலும் பறந்த அமெரிக்கத் தொண்டர் படைக்குக் கிளேர் செனோல்ட் என்ற ஓய்வுபெற்ற அதிகாரி கற்பித்தது, ஜப்பானியரோடு ஒருபோதும் வளையாதே, பாய்ந்து அடித்துவிட்டுப் போய்விடு என்பதாகும். அவர்களுடைய பி-40 விமானம் பாரமானது. வளையாது, ஆனால் கீழ்நோக்கிப் பாய்வதில் வல்லது. தன்னிடம் இருக்கும் பலத்தைக் கொண்டு சண்டை பிடிப்பதில் கோழைத்தனம் எங்கே வருகிறது?

இதை முதன்முதலில் ஒழுங்காக எழுதி வைத்தவர்களில் ஒருவர் ஒஸ்வால்ட் பெல்க்கே என்ற ஜெர்மானியர். 1916 இல் அவர் இளம் விமானிகளுக்கு எட்டு விதிகள் கொடுத்தார். தாக்குவதற்கு முன்பே அனுகூலமான இடத்தைப் பிடி, சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள், பின்புறத்திலிருந்து தாக்கு என்பவை அவற்றுள் அடங்கும். பலர் சேர்ந்து ஒரே எதிரியின் மேல் விழாதீர்கள் என்றும் ஒரு விதி இருந்தது. அது இரக்கத்தினால் சொன்னதல்ல. ஒருவர் மீது ஒருவர் மோதிவிடுவார்கள், மற்ற எதிரிகள் கவனிப்பாரற்றுப் போவார்கள் என்பதனால் சொன்னது. அதே ஆண்டு ஒக்டோபர் 28 இல் சண்டையின் நடுவே தன் தோழர் ஒருவருடைய விமானத்தோடு உரசி, அவரே விழுந்து இறந்தார். அவருக்காகப் பிரித்தானிய விமானிகள் மலர்வளையம் ஒன்றை ஆகாயத்திலிருந்து போட்டார்கள். எதிரிகள் கண்ணியவான் என்று மதித்த ஒருவர்தான் முதுகில் அடி என்று எழுதியவர். இரண்டும் ஒரே மனிதரிடம் பொருந்தியிருந்தன என்பதை "நேருக்கு நேர் வா" என்று சத்தமிடும் நம் பையன்களுக்குச் சொல்ல வேண்டும்.

எங்கள் கரையோரத்தில்

அப்படியானால் எல்லாம் ஆகுமா? இல்லை. போரிலும் ஒரு கோடு உண்டு.

விமானம் எரிந்து, பரசூட்டில் இறங்குகிறவனைச் சுடலாமா? 1923 இல் ஹேக் நகரில் வரையப்பட்ட வான் போர் விதிகள் கூடாது என்றன, அவை சட்டமாகவில்லை. 1977 இல் ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான முதலாம் மேலதிக நெறிமுறையின் 42 ஆம் உறுப்புரையில் அது தெளிவாக எழுதப்பட்டது: ஆபத்துக்குள்ளான விமானத்திலிருந்து தப்பி இறங்குபவரை, இறங்கும்போது தாக்கக் கூடாது. இடையிலே, 1940 இல் இங்கிலாந்தின் வான் பாதுகாப்புக்குப் பொறுப்பாயிருந்த ஹியூ டவ்டிங் சொன்ன கருத்து என்னைச் சற்று நேரம் யோசிக்க வைத்தது. இங்கிலாந்து மண்ணில் இறங்கும் ஜெர்மானியன் கைதியாகப் போகிறவன், அவனைச் சுடக்கூடாது; அதே மண்ணில் இறங்கும் பிரித்தானிய விமானி நாளையே மறுபடி பறக்கப் போகிறவன், ஆகவே ஜெர்மானியர் அவனைச் சுட்டால் குறை சொல்ல முடியாது என்பது அவர் கருத்து. தன் ஆட்களுக்குப் பாதகமான நியாயத்தையும் ஒருவர் சொன்னார்! சில சிமியுலேட்டர் விளையாட்டுக்களிலும் பரசூட்டில் தொங்குகிறவரைச் சுட முடியும். அதனால் ஆட்டத்தில் ஓர் இலாபமும் இல்லாதபோதும் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த ஒன்றுக்கு என்னிடம் இரண்டாவது பேச்சில்லை.

பர்ச்சலின் கட்டலினா செய்தி அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே சீரோக்களால் வீழ்த்தப்பட்டது. ஒன்பது பேரில் மூவர் இறந்தனர். தண்ணீரில் மிதந்தவர்கள் மீதும் சூடு நடந்தது. எஞ்சிய ஆறு பேரும் போர் முடியும் வரை கைதிகளாயிருந்தனர்.

ஐந்து நாட்கள் கழித்து, ஏப்ரல் 9 இல், எங்கள் கிழக்குக் கரையோரத்தில் நடந்ததைக் கேளுங்கள். திருகோணமலை தாக்கப்படப் போகிறது என்று முதல் நாள் இரவே அங்கிருந்து வெளியேற்றப்பட்ட 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானியர் கண்ணில் பட்டது. விமானந்தாங்கிக் கப்பல்தான், ஆனால் அன்று அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை. சிறிது நேரத்துக்குள் குண்டுகளால் மூழ்கடிக்கப்பட்டது. தலைவர் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தனர். கூட வந்த 'வம்பயர்' என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் மூழ்கியது. அந்நேரம் அண்மையில் 'வீட்டா' என்ற வைத்தியசாலைக் கப்பல் இருந்தது. வானம் முழுவதும் ஜப்பானியருடையதாக இருந்த அந்த வேளையில் அந்தக் கப்பலை அவர்கள் தொடவில்லை. அது தண்ணீரில் தத்தளித்த ஏறத்தாழ 600 பேரை ஏற்றிக்கொண்டு போனது. ஹேர்மிஸ் இன்றும் அந்தக் கடலடியில் 50 மீற்றருக்கும் கூடுதலான ஆழத்தில் கிடக்கிறது. கல்முனைக் கரையில் நின்று வடக்கே பார்க்கும்போது எனக்கு அந்த வெள்ளைக் கப்பலின் நினைவே வரும்.

சில நாள் இடைவெளியில் ஒரே படை இரண்டு விதமாக நடந்தது. விமானம் இல்லாத கப்பலை அடித்தார்கள். அது உபாயமும் பலமும் சேர்ந்த போர். வைத்தியசாலைக் கப்பலை விட்டார்கள். ஏனென்றால் அதைத் தொடுவதில்லை என்று நாடுகள் முன்னரே பேசிக்கொண்டிருந்தன. வெள்ளை நிறமும் செஞ்சிலுவை அடையாளமும் அந்தப் பேச்சின் அடையாளங்கள். தண்ணீரில் மிதந்தவர்கள் மீதான சூட்டை எவரும் உபாயம் என்று சொல்வதில்லை.

பேசியதும் பேசாததும்

கிரிக்கெட் தெரியாத வீடு நம் ஊர்களில் இல்லை. 2014 ஜூன் 3 இல் எட்ஜ்பாஸ்டனில் எங்கள் சசித்ர சேனாநாயக்க, பந்து வீசும் முன்பே கோட்டை விட்டு வெளியேறிய இங்கிலாந்தின் ஜொஸ் பட்லரை ரன் அவுட் செய்தார். இரண்டு தடவை எச்சரித்த பிறகுதான் செய்தார். முறையீட்டை வாபஸ் வாங்காமல் உறுதியாக நின்றவர் தலைவர் அஞ்சலோ மத்தியூஸ். சட்டம் அனுமதிக்கிறது என்றார்கள் நம்மவர்கள். கனவான் ஆட்டத்துக்கு இழுக்கு என்றார்கள் இங்கிலாந்தவர்கள். 2023 நவம்பர் 6 இல் டெல்லியில், உலகக் கிண்ணப் போட்டியில், அதே மத்தியூஸ் தலைக்கவசத்தின் பட்டி அறுந்து தாமதமானபோது பங்களாதேஷின் ஷகிப் அல் ஹசன் முறையிட்டார். 'நேரம் கடந்தது' என்று மத்தியூஸ் ஆட்டமிழந்தார். சர்வதேசப் போட்டியில் அப்படி ஆட்டமிழந்த முதல் ஆள் அவரே. சட்டம் அன்றும் இருந்தது. இந்த முறை கனவான் தன்மை பேசியவர்கள் நாங்கள்!

இதில் யாரையும் பரிகசிப்பது என் நோக்கமல்ல. நியாயம் என்று நாம் சத்தமிடுவதில் பெரும்பகுதி, அந்த நேரத்தில் நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதிலிருந்து வருகிறது. உயரத்தில் இருப்பவன் உயரத்தை நியாயம் என்பான். வளையத் தெரிந்தவன் வளைவதை வீரம் என்பான். ஆகவே உணர்ச்சியை அளவுகோலாக வைத்தால் இந்தத் தகராறு தீராது.

வயல்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். மேல்வயல்காரனுக்குத் தண்ணீர் முதலில் கிடைக்கிறது. அவன் வயல் மேட்டில் இருப்பது குற்றமா? கீழ்வயல்காரன் அதற்காக அவனைத் திட்ட முடியாது. ஆனால் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எல்லோரும் உட்கார்ந்து, இன்ன நாள் இன்னாருக்கு முறை என்று பேசி, வட்டவிதானையும் அதைக் குறித்துக்கொண்ட பிறகு, இரவோடு இரவாக வாய்க்காலை மறித்தான் என்றால் அது வேறு கதை. தண்ணீர் அதே தண்ணீர்தான். முறிக்கப்பட்டது பேச்சு.

நமது ஃபிக்ஹு நூல்களைக் கற்றவர்களுக்கு இந்தப் பிரிப்பு புதிதல்ல. போரில் உபாயம் ஆகுமானது என்பதற்கு நபிமொழி ஆதாரம் உண்டு. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் இதை விளக்கும்போது, உடன்படிக்கையையோ கொடுத்த அபயத்தையோ முறிப்பதாக இருந்தால் மட்டும் அது ஆகாது என்பதில் உலமாக்கள் ஒன்றுபட்டிருக்கிறார்கள் என்கிறார்கள். மறைந்திருப்பதும் திசை மாற்றிக் காட்டுவதும் எதிரி எதிர்பாராத நேரத்தில் வருவதும் ஒரு பக்கம். "தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தொடுவது மறுபக்கம்.

பத்ரின் சம்பவத்தை மத்ரஸாவில் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதெல்லாம் ஹுதைபா (ரலி) அவர்களின் பகுதிக்கு வந்ததும் நான் வேகத்தைக் குறைத்துக்கொள்வேன். ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டு. ஹுதைபாவும் அவருடைய தந்தை அல்யமானும் வழியில் குறைஷியர் கையில் அகப்பட்டுக்கொண்டார்கள். "நாங்கள் மதீனாவுக்குத்தான் போகிறோம், சண்டையில் சேர மாட்டோம்" என்று வாக்குக் கொடுத்த பிறகே விடுவிக்கப்பட்டார்கள். நபி (ஸல்) அவர்களிடம் வந்து நடந்ததைச் சொன்னார்கள். முஸ்லிம்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர். எதிரே ஏறத்தாழ ஆயிரம் பேர். ஒவ்வொரு ஆளும் தேவைப்பட்ட நேரம். வாக்கோ நிர்ப்பந்தத்தில் கொடுக்கப்பட்டது, அதுவும் எதிரிக்கு. இருந்தும் அவ்வாக்கை நிறைவேற்றுங்கள் என்று அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். இருவரும் பத்ரில் கலந்துகொள்ளவில்லை. பத்ரின் களத்தில் உபாயம் இருந்தது. தண்ணீர்க் கிணறுகளை முந்திப் பிடித்ததை நாமெல்லாம் படித்திருக்கிறோம். உபாயமும் வாக்கும் ஒரே நாளில், ஒரே தலைமையின் கீழ், தனித்தனி இடத்தில் நின்றன.

இனி அந்த இரண்டு மாணவர்களின் விடயம். ஒருவன் சாளம்பைக்கேணிப் பக்கத்துப் பையன், மற்றவன் அன்னமலைப் பக்கத்துத் தமிழ்ப் பையன். கட்டாரில் வேலை பார்க்கும் தந்தை கொண்டுவந்த கணினி ஒரு வீட்டில், அண்ணனுடைய பழைய கணினி மற்ற வீட்டில். இரவில் இணையத்தில் தனித்துச் சண்டை பிடிப்பார்கள். பகலில் ஒரே சைக்கிளில் கிட்டங்கித் தாம்போதியால் கல்முனைக்குப் போவார்கள். ஒரு நாள் ஒருவன் ஓடுபாதையிலேயே அடித்துவிட்டான். ஒன்றல்ல, தொடர்ந்து மூன்று தடவை. "எழும்பக்குள்ளயே அடிச்சா அது விளையாட்டா சேர்?" என்று அடிபட்டவன் என்னிடம் வந்தான். அதை அவன் கேட்டிருந்தால் பரவாயில்லை. முதல் நாள் இரவே இருவருக்குமிடையில் "உங்கட ஆக்களே இப்படித்தான்" என்ற வார்த்தை வந்துவிட்டிருந்தது. யார் முதலில் சொன்னது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு. இந்தப் பிரதேசத்தில் வாழ்கிற உங்களுக்கு அந்த வார்த்தையின் பாரத்தை நான் விளக்கத் தேவையில்லை. வீழ்ந்தது கணினிக்குள் ஒரு விமானம். எழும்பியது முப்பது வருடத்துக் கசப்பு.

நான் இருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: "ஓடுபாதையைப் பற்றி முன்பு நீங்கள் பேசிக்கொண்டீர்களா?" இருவரும் இல்லை என்றார்கள். அப்படியானால் அடித்தவன் வாக்கை மீறவில்லை. அடிபட்டவன் வருந்தியதும் பொய்யில்லை. பேசியிருக்க வேண்டியதைப் பேசவில்லை, அவ்வளவுதான். பழைய 'வோர்பேர்ட்ஸ்', 'ஏசஸ் ஹை' ஆட்டக்காரர்கள் தனிச் சண்டைக்கு வரும்போது ஒரு முறை வைத்திருந்தார்கள். இருவரும் ஒரே உயரத்தில் எதிரெதிரே வருவார்கள். ஒருவரையொருவர் கடந்து போகும் வரை யாரும் சுடுவதில்லை. கடந்த பிறகு சண்டை. விளையாட்டின் நிரல் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. பேசிக்கொண்டார்கள், காத்தார்கள். நேருக்கு நேராகச் சுடுவது வீரமா அதிர்ஷ்டமா என்ற தகராறும் அந்தக் கூடத்தில் தானாக நின்றுவிட்டது.

இதைச் சொன்னதும் இருவரும் ஒரு கொப்பித் தாளில் எழுத ஆரம்பித்தார்கள். தனிச் சண்டையில் ஓடுபாதையில் அடிப்பதில்லை. நாலு பேர், ஆறு பேர் சேர்ந்து தளம் பிடிக்கும் ஆட்டத்தில் அடிக்கலாம். உயரத்தில் காத்திருப்பதைப் பற்றி யாரும் முறைப்பாடு செய்வதில்லை. பரசூட்டில் சுடுவதில்லை, எந்த ஆட்டத்திலும். மின்சாரம் போனால் அது தோல்வியாகாது.

கடைசி விதியில்தான் நீண்ட நேரம் நின்றார்கள். தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் இணைப்பைத் துண்டித்துவிட்டு, "நெட் போயிட்டு" என்று சொல்கிற வழக்கம் ஒன்றிருக்கிறது. எதிரிக்குக் கிடைக்க வேண்டிய வெற்றி கிடைக்காமல் போய்விடும். என்னைக் கேட்டால் இந்த விளையாட்டுக்களில் நடப்பவற்றுள் மிக இழிவானது ஓடுபாதையில் அடிப்பதைவிட இதுதான். தானாகக் குறி பார்த்துச் சுடும் திருட்டு மென்பொருளைக்கூட நிறுவனங்கள் தேடிப் பிடித்துக் கணக்கை மூடிவிடுகின்றன. இதை எப்படிப் பிடிப்பது? நாவிதன்வெளியில் மழைக்காலத்தில் இணையம் மெய்யாகவே போகும். போனதா, போக்காட்டினானா என்பது அவனுக்கும் படைத்தவனுக்கும் மட்டுமே தெரியும்.

அன்னமலைப் பையன் ஒரு யோசனை சொன்னான்: இணைப்புப் போனால் மறுபடி வந்து, விட்ட இடத்திலிருந்து அல்லாமல், எதிரிக்கு உயரத்தைக் கொடுத்துத் தொடங்க வேண்டும். மற்றவன் ஒப்புக்கொள்ளவில்லை. உண்மையாகவே இணைப்புப் போனவனுக்கு அது தண்டனையாகிவிடும் என்றான். "அப்ப நீ சொல்றத நம்பணுமா?" "நம்பத்தான் வேணும்." அசருக்குப் பாங்கு சொல்லும் வரை அந்த இடத்திலேயே நின்றார்கள். தாளில் அந்த வரி இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. இப்போது இருவரும் ஒரே சைக்கிளில் போகிறார்கள். போகும் வழியெல்லாம் அந்த வரியைப் பற்றித்தான் வாதிடுகிறார்கள்.